தலைக்கணக்கும் தலையெழுத்தும்

மதுரையிலிருந்து கொல்லம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், திருவில்லிபுத்தூரைக் கடந்து இராசபாளையத்தை எட்டுமுன் வருகிறது வன்னியம்பட்டி. மேற்கே மலைத்தொடர், அதன் அடிவாரத்தில் மாந்தோப்பும் தென்னந்தோப்பும், கிழக்கே செல்லச் செல்லக் கரிசல் மண். ஒரு பக்கம் கோயில் நகரம்; மறு பக்கம் ஆலை நகரம். இடையிலே வாழும் சிற்றூர்களைப் பற்றி, "இந்தப் பக்கம் நன்றாக வளர்ந்துவிட்டது" என்று பேசுவோர் பலர். வளர்ந்திருக்கிறது, மறுப்பாரில்லை. ஆனால் நாம் அடுத்த கேள்வியைக் கேட்கிறோம்: வளர்ந்தது எது? ஊரா, ஊரிலே உள்ளவர்களா? எல்லோருமா, சிலரா? எவ்வளவு?

இக்கேள்விகளுக்குக் கண்ணால் கண்டு விடை கூறிவிட முடியாது. சாலையோரக் கட்டடங்கள் கண்ணுக்குத் தெரியும். அவற்றின் பின்னே இருக்கும் தெருவின் அடுப்பு தெரியாது. எண்ணித்தான் அறிய வேண்டும். எண்ண மறுக்கும் நாட்டில் ஏழ்மைக்கு ஒரே ஒரு விளக்கம்தான் உண்டு, அது தலையெழுத்து! "அவன் ஏன் ஏழை?" என்று கேட்டால், "அவன் விதி" என்பார்கள். ஒருவனைப் பற்றி அப்படிச் சொன்னால் வாதாடுவது கடினம். நூறு பேரை எண்ணிப் பார்த்தபின் வாதாடுவது எளிது. நூறு ஏழைகளில் எண்பது பேர் நிலமற்றவர்கள், அந்த எண்பது பேரும் ஒரே சேரியிலே பிறந்தவர்கள் என்று கணக்கு காட்டுமானால், நாம் கேட்கலாம் அல்லவா: படைத்தவன் எழுதிய எழுத்து எப்படித் தெருப் பார்த்து விழுந்தது? விதிக்குச் சாதி தெரியுமா? நிலப்பட்டா தெரியுமா?

எனவேதான் மக்கள் தொகைக் கணக்கின் வரலாறு, பகுத்தறிவாளருக்கு வேண்டிய வரலாறு என்கிறோம். எண்ணியவன் யார், எதற்காக எண்ணினான், யாரை எண்ணாமல் விட்டான் என்ற மூன்றையும் அறிந்தால், நம் வட்டாரத்தின் வளர்ச்சி பற்றிய பேச்சை எடைபோடும் ஆற்றல் நமக்கு வரும்.

அரசன் எண்ணியது எதை?

பழங்கால அரசர் எண்ணியது மக்களை அன்று, வரியை! இங்கிலாந்தைப் போரிலே வென்ற வில்லியம் மன்னன் 1086ஆம் ஆண்டில் நாடு முழுவதும் ஆட்களை அனுப்பி, யாரிடம் எவ்வளவு நிலம், எத்தனை ஏர், எத்தனை ஆலை என்று எழுதி வாங்கினான். அதற்கும் முன்னரே, ஏறத்தாழ ஆயிரத்தை ஒட்டிய ஆண்டுகளில், சோழன் இராசராசன் தன் நாட்டு நிலத்தை அளக்கச் செய்தான். ஒரு வேலி நிலத்தை மிகமிகச் சிறிய பின்னங்களாகப் பிரித்து எழுதிய அந்தக் கணக்கின் நுட்பத்தைத் தஞ்சைக் கல்வெட்டுகள் இன்றும் காட்டுகின்றன. தமிழன் கணக்கிலே தேர்ந்தவன் என்று பெருமைப்படலாம், தவறில்லை.

அதே கல்வெட்டுகளை இன்னும் சற்று நெருங்கிப் படிக்க வேண்டும். ஓர் ஊரின் மொத்த நிலத்திலிருந்து வரி வாங்க முடியாத நிலத்தைக் கழிக்கும் இடத்தில் ஊர் நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றோடு சேர்த்துப் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் வருகின்றன. நெல் விளைவித்த கைகள் அரசாங்கக் கணக்கிலே தோன்றும் இடம், கழித்தல் கணக்கு! நிலத்தின் அளவு பின்னத்திலும் பின்னமாகத் தெரிகிறது. அந்த நிலத்தில் இறங்கி உழைத்தவர் எத்தனை பேர், அவர்கள் வீட்டில் ஒரு வேளைக்கு எவ்வளவு அரிசி என்பது தெரியவில்லை. வரிக்காக எடுக்கும் கணக்கு வரி தருபவனைத்தான் காணும். பசியைக் காண வேண்டுமாயின் வேறு வகைக் கணக்கு வேண்டும்.

பஞ்சம் கற்பித்த பாடம்

அந்த வேறு வகைக் கணக்கு இந்நாட்டில் தொடங்கியதும் அன்னியன் தன் ஆட்சிக்காகச் செய்ததே. சென்னை மாகாணத்தில் 1871ஆம் ஆண்டு மக்கள் தொகை எடுக்கப்பட்டது. அதன் அறிக்கையை எழுதியவர் கார்னிஷ் என்னும் மருத்துவர். மாகாணத்தின் சுகாதார ஆணையர். மூன்று கோடிக்கும் மேற்பட்ட மக்கள் இருப்பதாக அக்கணக்கு கூறிற்று.

ஐந்தாண்டு கழிந்தது. 1876இல் மழை பொய்த்தது. 1878 வரை நீடித்த அந்தக் கொடும்பஞ்சத்திலே மக்கள் மடிந்தனர். தானியம் விளையாத ஊர்களில் மக்கள் எலும்பாகிக் கொண்டிருந்தபோது, துறைமுகத்திலே தானியம் கப்பலேறிக் கொண்டிருந்தது. பஞ்ச நிவாரணத்தைச் சிக்கனமாக நடத்த அனுப்பப்பட்ட ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் போதும் என்று 1877இல் வகுத்தார். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோவுக்கும் குறைவு. நாள் முழுதும் மண் வெட்டும் உடலுக்கு அரைக் கிலோவுக்கும் குறைந்த தானியம்! அதை எதிர்த்தவர் யார்? மக்களை எண்ணிய அதே கார்னிஷ்தான். உழைக்கும் உடலுக்கு இந்த உணவு போதாது, இது சாவுக்கு வழி என்று மருத்துவக் காரணங்காட்டி வாதாடினார். அந்த ஆண்டிலேயே அளவு உயர்த்தப்பட்டது. அதற்குள் எத்தனையோ உயிர்கள் போய்விட்டன.

1881 பிப்ரவரியில் இந்தியா முழுவதும் ஒரே வேளையில் முதன்முறையாகக் கணக்கெடுத்தார்கள். பத்தாண்டிலே பெருகியிருக்க வேண்டிய சென்னை மாகாணத்தின் மக்கள் தொகை சுருங்கிப் போயிருந்தது. பிறந்திருக்க வேண்டிய குழந்தைகள் இல்லை. வாழ்ந்திருக்க வேண்டிய பெரியோர் இல்லை. "மாரியம்மன் சினம்", "கலியின் கொடுமை", "முன்வினை" என்று ஊர் பேசிற்று. கணக்கோ வேறு பேசிற்று. 1880இல் பஞ்ச ஆணையத்தின் அறிக்கை வந்தது. அதைத் தொடர்ந்து 1883இல் பஞ்சக் காலத்தில் அரசு என்ன செய்ய வேண்டும் என்ற விதிமுறைகள் வகுக்கப்பட்டன. அவ்விதிகள் அரைகுறையானவை, எனினும், பஞ்சத்தில் மக்கள் சாவது அரசின் பொறுப்பு என்ற எண்ணத்துக்கு அங்கே வித்து விழுந்தது. நேர்த்திக்கடன் எத்தனையோ நூற்றாண்டாகச் செய்யாததை, கூட்டல் கழித்தல் சில ஆண்டுகளில் செய்யத் தொடங்கியது.

1911க்கும் 1921க்கும் இடையில் இந்தியாவின் மொத்த மக்கள் தொகையே குறைந்தது. காரணம் 1918இல் பரவிய நச்சுக் காய்ச்சல். அதன்பின் ஒரு பத்தாண்டிலும் குறையவில்லை. கடவுளர் திருந்திவிட்டனர் என்று எவரும் கூறார். தடுப்பூசியும், தண்ணீரும், மருத்துவமனையும், உணவு கொண்டு செல்லும் போக்குவரத்தும் செய்த வேலை அது.

நம் மண்ணில் ஓர் ஆராய்ச்சி

மாகாணக் கணக்கு வேறு. ஓர் ஊரின் வாழ்க்கைக் கணக்கு வேறு. பின்னதைத் தமிழ்நாட்டில் முறையாகத் தொடங்கியவர் கில்பர்ட் ஸ்லேட்டர். ஆக்ஸ்போர்டில் தொழிலாளர் கல்விக்கென நடந்த ரஸ்கின் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். 1915இல் சென்னைப் பல்கலைக் கழகத்துக்கு இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக வந்தார். திராவிடப் பண்பாடு இந்திய நாகரிகத்துக்கு அளித்த கொடை பற்றி 1924இல் ஒரு நூல் வெளியிட்டவரும் அவரே. நம் இயக்கத்தார் அந்த நூலுக்காக அவரை அறிவர். அவர் செய்த மற்றொரு பணியையும் அறிய வேண்டும்.

பொருளாதாரத்தை ஏட்டிலே மட்டும் படிக்கக்கூடாது என்பது அவர் எண்ணம். கல்லூரி மாணவர் கையிலே கேள்விப் பட்டியல் ஒன்றைக் கொடுத்து, தாம் அறிந்த சிற்றூருக்குச் சென்று விடை எழுதி வரச் செய்தார். மக்கள் எத்தனை பேர்? நிலம் யாரிடம்? கூலி எவ்வளவு? கடன் எவ்வளவு? கைத்தொழில் என்ன? உண்பது என்ன? இவ்வாறு திரட்டியவை 1918இல் தென்னிந்தியச் சிற்றூர்கள் சிலவற்றைப் பற்றிய நூலாக வெளிவந்தன. அவ்வூர்களில் ஒன்று வடமலைபுரம். அன்றைய இராமநாதபுரம் மாவட்டம், இன்றைய விருதுநகர் மாவட்டத்தின் சிவகாசி வட்டாரம். ஆம், வன்னியம்பட்டிக்கு அயலான கரிசல் நாடு!

அதோடு நிற்கவில்லை. அதே ஊர்களைப் பேராசிரியர் தாமசும் இராமகிருஷ்ணனும் 1936ஐ ஒட்டி மீண்டும் ஆராய்ந்தனர். நூல் 1940இல் வந்தது. 1980களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் மீண்டும் அவ்வூர்களுக்குச் சென்றனர். ஓர் ஊரை ஒருமுறை அளந்தால் நிலை தெரியும். தலைமுறைக்கு ஒருமுறை அளந்தால்தான் வளர்ச்சி தெரியும், தேய்வும் தெரியும். 1961ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போதும், நம்பியார் தலைமையில் சென்னை மாநிலத்தின் பல சிற்றூர்கள் தனித்தனியே ஆராயப்பட்டுத் தனி ஏடுகளாக வெளிவந்தன.

இங்கே இளைஞர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஸ்லேட்டரின் கணக்கை எடுத்தவர் பெரும் புலவர் அல்லர். இருபது வயது மாணவர். அவர் கையில் இருந்தது ஒரு தாள் கேள்வி, துணிவும் பொறுமையும். அவ்வளவே!

சாதியை எண்ணலாமா?

கணக்கெடுப்பு நடுநிலையானது என்று எண்ணிவிட வேண்டா. 1787இல் அமெரிக்கர் வகுத்த அரசமைப்பு, பிரதிநிதிகளைப் பங்கிடுவதற்காக அடிமைகளை எண்ணும்போது ஐந்து பேரை மூன்று பேராகக் கொள்ளச் சொன்னது. மனிதனைப் பின்னமாக்கிய கணக்கு அது. நம் நாட்டில் 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை நடத்திய ரிஸ்லி, சாதிகளை உயர்வு தாழ்வு முறைப்படி அடுக்கி எழுத முயன்றார். உடனே ஒவ்வொரு சாதியாரும் "எங்களை மேலே வை" என்று விண்ணப்பம் எழுதினர்! வருணாசிரமம் ஓலைச்சுவடியிலிருந்து அரசாங்கத் தாளுக்கு ஏறிய விந்தையைப் பார்த்தீர்களா?

சாதிவாரியாக முழுமையாகக் கணக்கெடுத்து வெளியிட்ட கடைசி ஆண்டு 1931. அதே ஆண்டிலேதான் விருதுநகரில் சுயமரியாதை மாநில மாநாடு, மூன்றாவதாகக் கூடியது. ஒருபுறம் அரசு சாதியை எண்ணிக் கொண்டிருந்தது. மறுபுறம் இளைஞர் சாதியை ஒழிக்கும் வழியை எண்ணிக் கொண்டிருந்தனர். விடுதலைக்குப்பின் 1951 முதல், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் தவிர மற்றவரின் சாதியை எழுதுவது நின்றது. 2011இல் தனியாக எடுத்த சமூகப் பொருளாதாரக் கணக்கிலே சாதி கேட்கப்பட்டது, கேட்டதை வெளியிடவில்லை. விளைவு? 1980இல் அறிக்கை தந்த மண்டல் ஆணையம், பிற்படுத்தப்பட்டோர் எத்தனை பேர் என மதிப்பிட, ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முந்திய 1931ஆம் ஆண்டு ஏட்டைப் புரட்ட வேண்டியதாயிற்று.

"சாதி ஒழிய வேண்டும் என்போரே சாதிக் கணக்கு கேட்கலாமா?" என்று நம்மை மடக்க நினைப்போர் உண்டு. கேள்வி நியாயமானது, விடையும் உண்டு. ரிஸ்லி எண்ணியது படிவரிசை எழுத. நாம் எண்ணச் சொல்வது பங்கை அறிய. நிலம் எவரிடம், நீதிமன்றத்திலும் கல்லூரியிலும் செயலகத்திலும் எவர், ஆலையின் மேலாளர் நாற்காலியில் எவர், சாக்கடைக்குள் எவர் என்ற கணக்கு வெளிவந்தால் சாதி வளராது. சாதியின் ஆதாயம் அம்பலமாகும். காய்ச்சலை அளப்பதால் காய்ச்சல் ஏறுவதில்லை. 1920களில் இம்மாகாணத்தில் வகுப்புவாரி உரிமை ஆணை பிறந்ததற்குக் காரணம், அரசுப் பதவிகளில் யார் எத்தனை பேர் என்று ஒருவர் எண்ணிப் பார்த்துக் கேட்டதுதான்.

சராசரி என்னும் திரை

இனி வருவாய்க்கு வருவோம். மக்கள் தொகைக் கணக்கு எடுப்பவர் உங்கள் வீட்டுக்கு வந்தால் வயது கேட்பார், படிப்பு கேட்பார், தொழில் கேட்பார். வருவாய் எவ்வளவு என்று கேட்கமாட்டார். அதை அறியும் வழி வேறு. இந்தியனின் ஆண்டு வருவாய் தலைக்கு 20 ரூபாய் என்று 1867-68ஆம் ஆண்டுக்குக் கணக்கிட்டுக் காட்டி, ஆங்கில ஆட்சியின் சுரண்டலை உலகறியச் செய்தார் தாதாபாய் நௌரோஜி. விடுதலைக்குப்பின் 1949இல் மகலநோபிஸ் தலைமையில் தேசிய வருவாய்க் குழு அமைந்தது; 1950இல் வீட்டுச் செலவை விசாரித்தறியும் மாதிரிக் கணக்கெடுப்பு தொடங்கிற்று. "தலைக்கு வருவாய்" என்று நாளேட்டில் நாம் படிப்பது, விளைவையும் ஊதியத்தையும் மொத்தமாகக் கூட்டி, மக்கள் தொகையால் வகுத்து வரும் ஈவு.

அந்த ஈவு எப்படி ஏமாற்றும் என்பதற்கு ஒரு கற்பனைக் கணக்கு. பத்து வீடுகள் கொண்ட தெரு ஒன்று. ஒரு வீட்டின் திங்கள் வருவாய் 1,00,000 ரூபாய். மற்ற ஒன்பது வீடுகளுக்கும் தலா 10,000. மொத்தம் 1,90,000, சராசரி 19,000. அடுத்த ஆண்டு பெரிய வீட்டின் வருவாய் இரட்டிக்கிறது. மற்றவர்களுக்குக் காசு கூட ஏறவில்லை. சராசரியோ 29,000 ஆகிவிட்டது! "தெரு ஓராண்டில் பாதிக்கு மேல் முன்னேறிவிட்டது" என்று மேடையிலே முழங்கலாம். ஒன்பது வீட்டு அடுப்பும் பழைய அடுப்பே.

இதற்கு மாற்று என்ன? பத்து வீடுகளையும் வருவாய் வரிசையில் நிறுத்துங்கள். நடுவிலே நிற்கும் வீட்டைப் பாருங்கள். அதன் வருவாய் முன்னும் 10,000, பின்னும் 10,000. நடுவீட்டுக் கணக்கு பொய் சொல்லாது. எவராவது உங்கள் ஊரின் சராசரியைக் கூறினால், "நடுவீட்டின் வருவாய் எவ்வளவு? கடைசி வீட்டின் வருவாய் எவ்வளவு?" என்று கேளுங்கள்.

இரண்டாவது ஏமாற்று, பெண்ணின் உழைப்பைப் பற்றியது. 1951ஆம் ஆண்டுக் கணக்கு மக்களைத் தாமே பிழைப்போர், சம்பாதிக்கும் சார்ந்தோர், சம்பாதிக்காத சார்ந்தோர் என்று பிரித்தது. 1961இல் வேலை செய்வோர் யார் என்பதன் பொருளை விரித்தனர்; பெண் தொழிலாளர் எண்ணிக்கை கூடிற்று. 1971இல் "முதன்மையான செயல் எது?" என்று கேட்டனர், "வீட்டு வேலை" என்ற விடையோடு இலட்சக்கணக்கான பெண்கள் உழைப்பாளர் பட்டியலிலிருந்து மறைந்தனர். களை எடுத்தவள் அவளே, மாடு கறந்தவள் அவளே, பஞ்சு பொறுக்கியவள் அவளே. ஏட்டிலே மட்டும் அவள் சும்மா இருந்தாள்! 1991இல்தான், குடும்பத்தின் நிலத்திலோ தொழிலிலோ ஊதியமின்றி உழைப்பதும் வேலையே என்று கேள்வியிலேயே தெளிவாகச் சேர்த்தார்கள். பத்தாண்டுக்கு ஒருமுறை மாறியது பெண்ணின் உழைப்பன்று. அவளைப் பார்த்த பார்வை.

2005ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த நூறு நாள் வேலைத் திட்டத்திலே, தமிழ்நாட்டில் பணிக்கு வந்தோரில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேற்பட்டோர் பெண்கள். அவர்கள் பெயரில் கூலி எழுதப்பட்டதும்தான், "சும்மா இருந்தவர்கள்" எத்தனை பேர் என்பது நாட்டுக்குத் தெரிந்தது.

எண்கள் கூறும் நம் மாவட்டம்

1910இல் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து பகுதிகளைப் பிரித்து இராமநாதபுரம் மாவட்டம் அமைந்தது; திருவில்லிபுத்தூர் வட்டம் அதில் சேர்ந்தது. 1985இல் அது மூன்றாகப் பிரிந்து, விருதுநகர் தனி மாவட்டமாயிற்று. 2001இல் ஏறத்தாழ 17 இலட்சத்து 51 ஆயிரம் மக்கள். 2011இல் 19 இலட்சத்து 42 ஆயிரம். பத்தாண்டு வளர்ச்சி நூற்றுக்கு 11க்கும் சற்றுக் குறைவு. தமிழ்நாட்டின் வளர்ச்சியோ 15.6. ஆக, மக்கள் தொகையைப் பொறுத்து "மடமடவென்று பெருகும் பகுதி" என்பதே சரியன்று. மாறியது வாழும் முறை. 2011இல் மாவட்டத்து மக்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டோர் நகரவாசிகள். இராசபாளையத்தில் 1 இலட்சத்து 30 ஆயிரம் பேர். திருவில்லிபுத்தூரில் 75 ஆயிரம் பேர். எழுத்தறிவு நூற்றுக்கு 80. ஆயிரம் ஆண்களுக்கு 1,007 பெண்கள். ஐந்தில் ஒருவர் தாழ்த்தப்பட்டோர்.

இந்த மாற்றத்துக்குக் காரணம் தேடி எந்தக் கோயில் வாசலுக்கும் போக வேண்டா. மழையை நம்பிய கரிசலும், கண்மாயை நம்பிய வயலும் எல்லோருக்கும் சோறு போட இயலாத நிலையில், தொழில்கள் பிறந்தன. சிவகாசியிலிருந்து இருவர் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்தனர்; 1923இல் தொழில் தொடங்கியது. 1936இல் இராசபாளையத்தில் நூற்பாலை நிறுவப்பட்டது, ஒன்று பலவாயிற்று. அருகிலுள்ள சத்திரப்பட்டியிலே மருத்துவமனைக்கு வேண்டிய கட்டுத்துணி நெய்கிறார்கள். திருவில்லிபுத்தூர்ப் பால்கோவா 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. உழைப்பும், கற்ற திறமும், கடன் வசதியும், சாலையும் சேர்ந்து செய்தவை இவை.

ஆனால் இந்தத் தொழில்களின் ஐந்தொகையிலே எழுதப்படாத செலவு ஒன்றிருந்தது, குழந்தைகள்! விருதுநகரிலே பிறந்த காமராசர் முதலமைச்சராக இருந்து 1956இல் பள்ளியில் பகலுணவு அளிக்கும் திட்டத்தை விரித்தார். 1920இலேயே சென்னை மாநகராட்சியில் நீதிக் கட்சியார் தொடங்கிய வழி அது. பள்ளி ஒரு கையால் குழந்தையை அழைத்தது. தீப்பெட்டிக் குச்சி அடுக்கும் பலகை மறு கையால் இழுத்தது. 1986இல்தான் குழந்தை உழைப்புத் தடைச் சட்டம் வந்தது. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் செலுத்துமாறு முதலாளிகளுக்குக் கட்டளையிட்டது. அந்நாளில் வீட்டு வருவாய் என்று கணக்கில் ஏறியதிலே எத்தனை காசு எட்டு வயது விரல்களின் காசு என்பதை எந்தச் சராசரியும் கூறவில்லை. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டி வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். உயிரைப் பணயம் வைத்துப் பெறும் கூலியும், நிழலில் அமர்ந்து பெறும் வட்டியும் "வருவாய்" என்ற ஒரே பத்தியில்தான் எழுதப்படுகின்றன!

தொழில் மிகுந்த இம்மாவட்டத்தை, 2018இல் ஒன்றிய அரசு வெளியிட்ட "முன்னேற விழையும் மாவட்டங்கள்" பட்டியலிலே சேர்த்தனர். தமிழ்நாட்டிலிருந்து அப்பட்டியலில் இடம்பெற்றவை இரண்டே, இராமநாதபுரமும் விருதுநகரும். பட்டாசு நாடெங்கும் போகிறது, நூல் கடல் கடந்து போகிறது. ஆயினும் பின்தங்கியோர் வரிசையில் பெயர். ஈட்டிய செல்வம் பரவவில்லை என்பதைத் தவிர இதற்கு வேறு பொருள் என்ன?

குறைத்தவனுக்குத் தண்டனையா?

மக்கள் தொகைக் கணக்கு வேறொரு வழியிலும் நம்மைத் தொடுகிறது. பெண்ணின் உடலும் வாழ்வும் அவளுடையவை. ஆகவே பிள்ளைப்பேற்றைக் கட்டுப்படுத்தும் உரிமையும் அவளுடையதே என்று பெரியார் 1930களிலேயே வாதாடினார். அரசுகள் பின்னர் குடும்ப நலம் பேசின, பெண்கள் படித்தனர், தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி குழந்தை இரண்டுக்கும் கீழே வந்தது. 2019-21ஆம் ஆண்டுக் குடும்ப நல ஆய்வு காட்டிய அளவு 1.8.

இதற்கு ஊதியம் என்ன? 1961ஆம் ஆண்டுக் கணக்கை வைத்து 1967இல் நாடாளுமன்றத்தில் நமக்கிருந்த 41 இடங்கள் 39 ஆகக் குறைக்கப்பட்டன. மக்கள் பெருக்கத்தைத் தடுத்த மாநிலங்கள் தண்டிக்கப்படக் கூடாது என்பதற்காக 1976இல் 1971ஆம் ஆண்டுத் தொகையே அளவுகோலாக நிறுத்தப்பட்டது. 2026க்குப்பின் எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரையில் அந்நிலை தொடரும் எனப் பின்னர் ஒரு திருத்தம் நீட்டித்தது. ஆக, அடுத்த கணக்கின் ஒவ்வோர் எண்ணுக்கும் அரசியல் எடை உண்டு.

1881 முதல் 2011 வரை, உலகப் போர் நடந்த 1941இல் கூடத் தவறாமல், பத்தாண்டுக்கு ஒருமுறை கணக்கெடுத்த நாடு, 2021இல் எடுக்கவில்லை. 2013ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பயன் எத்தனை பேருக்கு என்பதைப் பல ஆண்டுகளாக 2011ஆம் ஆண்டுத் தொகையே வரையறுத்து வந்தது. பிறந்தும் எண்ணப்படாதவருக்கு ஏட்டில் அரிசி ஏது? 2027 மார்ச் முதல் நாளைக் குறிப்பு நாளாகக் கொண்டு, சாதியையும் கேட்கும் கணக்கெடுப்பு நடக்கும் என 2025 ஜூனில் அறிவித்தனர்.

தோழர்களே! கணக்கெடுக்க வீடுவீடாகச் செல்வோரில் பெரும்பாலோர் நம்மைப் போன்ற பள்ளி ஆசிரியர்கள். அவர்கள் தாளிலே எழுதுவது வாசலிலே நிற்பவர் சொல்லும் விடையை. வாசலில் நிற்பவர் பெரும்பாலும் குடும்பத் தலைவர். "வீட்டுக்காரி என்ன வேலை?" என்றால் "சும்மாதான் இருக்கிறாள்" என்பார். அந்த ஒரு சொல்லை நம் இளைஞர் ஊர்தோறும் மாற்றிவிட்டால் போதும். கட்டுத்துணி மடிப்பவள், தீப்பெட்டி ஒட்டுபவள், ஆடு மேய்ப்பவள், கணவன் நிலத்தில் நாற்று நடுபவள் எல்லோரும் உழைப்பாளர் என்று தெருவிலே பேசுங்கள். சாதியைக் கூற நாணுவோருக்கும், உயர்த்திக் கூற ஆசைப்படுவோருக்கும், அது படிவரிசைக்கு அன்று, பங்குக்கு என்று விளக்குங்கள்.

அரசு எடுக்கும் வரையில் காத்திருக்கவும் வேண்டா. மன்றத்துக்கு ஐந்து பேர் சேர்ந்தால், ஒரு கோடை விடுமுறையில் ஒரு சிற்றூரை எழுதி முடிக்கலாம். வீட்டில் எத்தனை பேர், நிலம் உண்டா, யார் பெயரில், கூலி எவ்வளவு, ஆணுக்கு எவ்வளவு பெண்ணுக்கு எவ்வளவு, கடன் யாரிடம் என்ன வட்டிக்கு, பள்ளியை விட்டு நின்ற பிள்ளை உண்டா, ஏன் நின்றது, குடிநீர் எங்கிருந்து, திருவிழாவுக்கு ஆன செலவு என்ன, படிப்புக்கு ஆன செலவு என்ன? பத்துக் கேள்விகள்! விடைகளைத் தெருவாரியாகப் பிரித்து, பெயர்களை நீக்கி, நூலகத்தில் ஒரு படி வையுங்கள். ஊராட்சியின் கிராம சபையிலே படியுங்கள். ஐந்தாண்டு கழித்து மீண்டும் எடுங்கள். வடமலைபுரத்துக்கு நூறாண்டுக்கு முன் ஒரு மாணவன் செய்ததை, வன்னியம்பட்டிக்கு நாம் செய்ய முடியாதா?

அந்த ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "எங்கள் ஊரின் கடைசி வீடு எப்போது வளரும்?" என்று கேட்கும் இளைஞனிடம், விதி என்று கூறி எந்தத் தலைவரும் தப்ப முடியாது. கேள்விப் பட்டியலை இவ்வாரமே எழுதத் தொடங்குங்கள்.